துரைக்கு ஒரு வாளி நண்டு

திண்டிவனம்
9-3-2025

ஸ்ரீ ஜினாய நம

செல்வ மகள் சன்மதிக்கு அப்பா எழுதுவது.

இங்கே நானும் உன் அம்மாவும் நலம். விழுப்புரத்தில் நீ நலமாக இருக்கிறாய் என்று எழுத மனம் வரவில்லை. இருக்க வேண்டும் என்று எழுதுகிறேன். போனில் பேசலாம்தான். ஆனால் என் மந்தக் காதுக்கு நீ கத்த, நான் பதிலுக்குக் கத்த, தெருவே நம் கதையைக் கேட்கிறது. இனிக் கடிதம்தான்.

மண்டியில் மல்லாட்டை மூட்டை வரத்து தொடங்கிவிட்டது. தலை நிமிர நேரமில்லை, இருந்தும் உன் நினைப்புதான். செல்வகுமார் போய் இரண்டு மாதம் ஆகப்போகிறது. அவனுடைய கலர் மீன் கடையையும் அவன் அண்ணனிடம் ஒப்படைத்துவிட்டாய். இன்னும் யாருக்காக அந்த வீட்டில் உட்கார்ந்திருக்கிறாய்? கண்ணாடித் தொட்டியில் வளர்க்கிறாயே, அந்த எட்டுக்கால் ஜந்துவுக்காகவா? அதற்குக் கடல் தண்ணீர் பிடித்து வரப்போய்த்தானே புதுச்சேரி சாலையில் லாரி மோதிப் போனான்?

உன் அறைக்கு அம்மா வெள்ளையடித்துவிட்டாள். வந்துவிடு. எதை வேண்டுமானாலும் கொண்டு வா, அதை மட்டும் வேண்டாம். உயிரோடு நண்டு தின்கிற ஒன்றைப் பகவான் இருக்கும் வீட்டில் வைக்க முடியாது.

ஆசிகளுடன்,
அப்பா புஷ்பதந்தன்


விழுப்புரம்
15-3-2025

அன்புள்ள அப்பாவுக்கு,

அம்மாவையும் கேட்டதாகச் சொல்லுங்கள். அவள் கொடுத்தனுப்பிய கேப்பை மாவு வந்து சேர்ந்தது.

ஜந்து என்று எழுதாதீர்கள். ஆக்டோபஸ் என்று எழுத வராவிட்டால் துரை என்றே எழுதுங்கள். அவர் வைத்த பெயர். மீனவர் வலையில் சின்னதாகச் சிக்கியதை வாங்கி வந்தார். மண்சட்டிக்குள் சாய்ந்துகொண்டு பெரிய அதிகாரி மாதிரி எங்களைப் பார்த்ததால் துரை.

நண்டு கொண்டுவருகிற அமலா அக்கா, "இன்னாம்மா, நயினாரு ஊட்டுப் பொண்ணு நண்டு வாங்கிக்கினு கண்ண மூடிக்கிறியே" என்று சிரிப்பார். தொட்டியில் போடும்போதும் கண்ணை மூடிக்கொள்கிறேன். பாவம் என்று எனக்கும் தெரியும், அப்பா. துரை மேல் எனக்குக் கோபம் வரவில்லை என்றா நினைக்கிறீர்கள்? அவர் போன முதல் வாரம் தொட்டிப் பக்கமே போகவில்லை.

ஒன்று சொல்கிறேன், அம்மாவிடம் சொல்ல வேண்டாம். துரை நம் மணிக்கட்டைச் சுற்றிப் பிடித்தால் தோலில் வட்டம் வட்டமாகச் சிவந்துவிடும். கொஞ்ச நேரத்தில் மறைந்தும் விடும். அன்று காலை கிளம்பும் முன் அவர் தொட்டியில் கைவிட்டு விளையாடினார். ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்தபோது முகத்தை மூடியிருந்தார்கள். நான் கையைத்தான் பார்த்தேன். அந்த வட்டங்கள் அப்படியே இருந்தன. இப்போது என் கையிலும் அதே வட்டங்களைத்தான் போடுகிறது. அதை விட்டுவிட்டு நான் எப்படி வருவேன்?

அன்றைக்கும் நீங்கள் வாசலோடு நின்று போய்விட்டீர்கள். நண்டு சாகிற வீடு என்று ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. வந்ததே பெரிது என்று இருந்துவிட்டேன். ஆனாலும் ஆறவில்லை.

உங்கள்
சன்மதி


திண்டிவனம்
22-3-2025

ஸ்ரீ ஜினாய நம

செல்வ மகள் சன்மதிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அன்று மண்டிக்குப் போகவில்லை. அம்மாவிடம் காட்டவில்லை. என்ன எழுதியிருக்கிறாள் என்று நச்சரித்தாள், கேப்பை மாவு வந்ததாம் என்றேன்.

வாசலில் நின்றது உண்மை. சமண வீட்டில் நான் வளர்ந்த விதம் அப்படி. தண்ணீரைக்கூடத் துணியில் வடிகட்டிக் குடிக்கிறோம், பொழுது சாய்ந்தால் அடுப்பு பற்றவைப்பதில்லை. எழுபது வயதுக்கு மேல் என்னை மாறச் சொல்லாதே. செல்வகுமார் நல்ல பையன்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை.

அதைக் கடலில் விட்டுவிடு. அதுவும் பிழைக்கும், உனக்கும் பாவமில்லை. விட்டுவிட்டு வீட்டுக்கு வா. இதற்குமேல் இறங்கிவர எனக்குத் தெரியவில்லை, அம்மா.

அப்பா


விழுப்புரம்
27-4-2025

அன்புள்ள அப்பாவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. கடலில் விடச் சொன்னீர்கள். நானும் யோசித்தேன், மனசு ஒப்பவில்லை. விட்டுவிட்டால், அவர் கையைத் தெரிந்த ஓர் உயிர் எங்கே இருக்கிறதென்றே எனக்குத் தெரியாமல் போய்விடும்.

இப்போது வேறு பேஜாரு. மீன்பிடித் தடைக்காலம், படகு போவதில்லை. அமலா அக்காவுக்கு உயிர் நண்டு கிடைக்கவில்லை, ஐஸில் வைத்த இறாலைக் கொடுக்கிறார். துரை அதைத் தொடுவதே இல்லை. சட்டியின் வாயை அடைத்தாற்போல் உட்கார்ந்திருக்கிறது. முன்பெல்லாம் என் காலடி கேட்டாலே கண்ணாடிக்கு ஓடிவரும். இப்போது தண்ணீரில் கைவிட்டால் ஒரு காலை மட்டும் நீட்டித் தொடுகிறது, நிறமும் வெளிறிவிட்டது. செத்ததைத் தின்னாது போலிருக்கிறது. உயிர் நண்டு இருந்தால் பிழைத்துவிடும்.

இதை உங்களிடம் எழுதக்கூடாது. வேறு யாரிடம் எழுதுவேன்? இந்த வீட்டில் இன்னொரு சாவைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை, அப்பா.

சன்மதி


திண்டிவனம்
6-5-2025

ஸ்ரீ ஜினாய நம

செல்வ மகள் சன்மதிக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். உன் வீட்டில் வைத்துச் சொல்ல வாய் வராததை எழுதுகிறேன்.

முந்தாநாள் விடிந்ததும் அம்மாவிடம் மண்டிக்கு என்று சொல்லிவிட்டு மரக்காணம் போனேன். அங்கே கழிமுகத்தில் கையால் நண்டு பிடிப்பார்களாம். ஒரு பெண் எடுத்துக் கொடுத்தாள். வாளிக்குள் அவை ஒன்றன்மேல் ஒன்று ஏறுகிற சத்தம் என் மந்தக் காதுக்கே கேட்டது. விழுப்புரம் பஸ்ஸில் மண்டிக்காரர் விருத்தாசலம் பார்த்துவிட்டார். "இன்னா நயினாரே, வாளியில நண்டு? யாருக்கு எடுத்துக்கினு போறீங்க?" என்றார். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. "என் பொண்ணு ஊட்டுக்கு" என்றேன். வெட்கமாக இல்லை.

நீ எனக்காகத் தண்ணீர் வடிகட்ட உள்ளே போயிருந்தாய். நீ போட்டால் உனக்குப் பாவம் என்று நானே ஒரு நண்டை எடுத்தேன். பஞ்ச மந்திரத்தைச் சொல்லிக்கொண்டே, கண்ணை மூடாமல் போட்டேன். பாவம் செய்கிறவன் பார்த்துச் செய்ய வேண்டும் என்று தோன்றியது. நண்டு நேராகச் சட்டிக்குத்தான் போனது. உன் துரை ஒரு காலை நீட்டியது. பிடிக்கப் போகிறது என்று நினைத்தேன். போதும் என்று இலையை நகர்த்துகிற மாதிரி நண்டை மெல்லத் தள்ளிவிட்டது. அப்போதுதான் சட்டிக்குள் சரம் சரமாக அந்த முட்டைகளைப் பார்த்து உன்னைக் கூப்பிட்டேன்.

துரை இல்லையாம், துரைசானியாம்! நீ சிரித்தாய். அவன் போனபிறகு நீ சிரித்து நான் பார்த்தது அதுதான். பிறகு கடைக்குப் போன் போட்டுக் கேட்டாய். முட்டையிட்டபின் தாய் எதுவும் தின்னாது, காவலிருந்தே போய்ச் சேரும் என்று அவர்கள் சொன்னதை எனக்குச் சைகையில் சொல்ல முடியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டாய்.

உண்ணாமல் உயிர் விடுவதை நம்மவர்கள் எவ்வளவு உயர்ந்த விரதமாகச் சொல்வோம். சல்லேகனை என்ற சொல்லை உன் வீட்டில் என் வாயால் சொல்ல நேரும் என்று நான் நினைத்ததே இல்லை. அதை இனி ஜந்து என்று எழுத மாட்டேன். மாப்பிள்ளை அதில் என்ன கண்டார் என்று இப்போது தெரிகிறது.

அது இருக்கும்வரை அங்கேயே இரு. அவசரமில்லை.

அப்பா


விழுப்புரம்
29-5-2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நேற்றுக் காலை துரை போய்விட்டது. பெண் என்று தெரிந்த பிறகும் எனக்குத் துரைதான். முட்டைகள் பொரியவில்லை. அதற்கு அது தெரியாது. கடைசிவரை தண்ணீரை ஊதி ஊதி அவற்றைச் சுத்தம் செய்துகொண்டே இருந்தது. வீட்டுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் சட்டியோடு புதைத்தேன்.

நீங்கள் கொண்டுவந்த நண்டுகளில் ஒன்றும் சாகவில்லை. தொட்டியில் இடையில் கண்ணாடி வைத்துத் தனியாக விட்டிருந்தேன். உங்கள் கையால் ஓர் உயிரும் போகவில்லை, நிம்மதியாக இருங்கள். அமலா அக்காவிடம் கொடுத்தேன். "உங்கப்பா சுமந்துக்கினு வந்த நண்டும்மா, இத வச்சி எப்புடி நான் குழம்பு வைக்கறது?" என்று கடலில் விடவே எடுத்துப் போனார்.

நீங்கள் மாப்பிள்ளை என்று எழுதியிருந்ததைப் பலமுறை படித்தேன். அவர் இருந்தபோது ஒரே ஒருமுறை கூப்பிட்டிருக்கலாம், அப்பா. எத்தனை சந்தோஷப்பட்டிருப்பார். கோபத்தில் எழுதவில்லை, அழுதுகொண்டுதான் எழுதுகிறேன்.

முந்தாநாள் சாயங்காலம் கைவிட்டேன். எங்கிருந்து பலம் வந்ததோ, மணிக்கட்டைச் சுற்றி இறுக்கிப் பிடித்துக்கொண்டது. நானாக எடுக்கவில்லை, அதுவே விட்டது. வட்டங்கள் பதிந்திருந்தன. மறையாமலிருக்க அன்று கையே கழுவவில்லை. காலையில் பார்த்தால் இரண்டு கையும் ஒரே மாதிரி இருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வருகிறேன். பொழுது சாய்வதற்குள் வந்துவிடுவேன், அம்மாவைச் சமைத்து வைக்கச் சொல்லுங்கள். சாமான்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். எதைக் கொண்டு வரக்கூடாது என்றீர்களோ, அது இப்போது என்னிடம் இல்லை.

தனியாகத்தான் வருகிறேன், அப்பா.

உங்கள்
சன்மதி