அப்பா நிரப்பிய படிவம்

ஜூலை 8, 2024. திங்கள்

போர்வைக்குள் செல்போன் வெளிச்சத்தில் எழுதுகிறேன். எனக்கு மனச்சோர்வு நோய் வந்திருக்கிறது.

இன்று பதினோராம் வகுப்பு முழுவதற்கும் மனநலப் படிவம் கொடுத்தார்கள். எட்டுக் கேள்வி. ஐந்துக்கு ‘ஆம்’ வந்தால் டாக்டரைப் பார்க்க வேண்டுமாம். அடிக்கடி அழுகிறீர்களா? சினிமாவில் இடைவேளைக்கு முன்பே அழுவேன். கதாநாயகி சாகிற நாவலை மூன்று முறை படித்தேன், மூன்று முறையும் அழுதேன். தனிமை பிடிக்கிறதா? சோகப் பாட்டு கேட்கும்போது யார் வந்தாலும் பிடிக்காது. பென்சிலால் போட்டுப் பார்த்தேன். சரியாக ஐந்து. அழித்துவிட்டேன்.

பக்கத்தில் உட்காரும் நாகஜோதி எட்டுக்கும் ‘இல்லை’ போட்டாள். “ஏட்டி, நீயும் அப்படியே போடு. அம்புட்டுதான்.”

ஆனால் பெற்றோர் கையெழுத்து வேண்டும். அம்மா பார்த்தால் முதலில் போனைத்தான் பிடுங்குவாள்.

ஜூலை 9

வெற்றுப் படிவத்தில் அப்பாவிடம் கையெழுத்து, பிறகு நானே எட்டு ‘இல்லை’ — இதுதான் திட்டம். அப்பா பேண்டேஜ் துணி நெய்கிற கம்பெனியில் சூப்பர்வைசர். அவர் ஜோக்குக்குத் தறிச் சத்தத்தையும் மீறிச் சிரிப்பார்களாம். எதையும் படிக்காமல் கையெழுத்துப் போடுவார். இன்று ஏனோ கம்பெனிக்கே எடுத்துப் போய்விட்டார்.

ஜூலை 10

“நிரப்பியாச்சு. உங்க ஸ்கூல்ல பெத்தவங்களையும் விசாரிக்காவளே, பரவால்ல” என்று அப்பா படிவத்தை நீட்டினார்.

சாதிச் சான்று, ஸ்காலர்ஷிப் என்று வெற்றாகப் போகிற எல்லாப் படிவத்தையும் அவர்தான் நிரப்புவார்; அதை மறந்தே போனேன். இதையும் தனக்கென்று நினைத்துவிட்டார். சிரித்தேன். பிறகு படித்தேன்.

தூக்கமின்மை: ஆம், மூணு மணிக்கே முழிப்பு. பசியின்மை: ஆம், நாலு மாசமா ருசியே இல்லை. பிடித்தவற்றில் ஆர்வமின்மை: ஆம், பாட்டு கேட்பதை விட்டாச்சு. இப்படி ஏழு ‘ஆம்’. அழுகைக்கு மட்டும் ‘இல்லை, வரமாட்டேங்குது’.

அப்பாவா? எங்க அப்பாவா? அம்மாகிட்ட சொன்னா என் திருட்டுத் திட்டமும் தெரிஞ்சிரும். சொல்லலைன்னா?

ஜூலை 11

சொல்லிவிட்டேன். அம்மா இரண்டு தடவை படித்தாள். போனைப் பிடுங்கவில்லை. “எங்கிட்ட சொல்லாம பள்ளிக்கூடத்துக்குச் சொல்லியிருக்காவளே” என்றாள்.

ஜூலை 13. சனி

மூவரும் பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டரிடம் போனோம். குணமாகிவிடும் என்றார். அப்பாவுக்கு மாத்திரை எழுதினார். நான் என் ஐந்தையும் சொன்னேன். அழுத பிறகு எப்படி இருக்கும் என்று கேட்டார். நன்றாகப் பசிக்கும் என்றேன்.

“பாட்டுக்கு அழறதுக்கு மருந்து கிடையாதும்மா. பாட்டே பிடிக்காமப் போனாத்தான் மருந்து.”

பஸ்ஸில் அப்பா, “ஏழு மார்க் எடுத்து நான் பாஸ், நீ பெயிலு” என்றார். முன் சீட்டுக்காரர்கூடத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. டிக்கெட் எடுக்கக்கூட அப்பாவின் கையை விடவில்லை.

ஜூலை 15

படிவம் தொலைந்தது என்றேன். டீச்சர் புதிது கொடுத்தார். உண்மையாகவே நிரப்பினேன். இரண்டுதான் வந்தது!

ஆகஸ்ட் 4. ஞாயிறு

எட்டரைக்குச் சர்ச்சில் ஆராதனை. அம்மா பட்டுச்சேலையும் பைபிளுமாக அப்பாவை எழுப்பப் போனாள். போன வேகத்தில் திரும்பி வந்து, ஜன்னலைச் சாத்தச் சொன்னாள். குக்கர் வைக்கவில்லை. நான் மிக்சியைத் தொடக்கூட விடவில்லை.

பத்தரை மணிக்குக் கோயில் விட்டு வந்த பக்கத்து வீட்டுச் செல்லக்கனி அத்தை, ஏன் வரவில்லை, யாருக்கும் உடம்பு சரியில்லையா என்று வாசலில் நின்று கேட்டார்கள். அம்மா கேட் வரைக்கும் போனாள். பரீட்சையில் பாஸ் என்று சொல்கிற முகம். குரல் மட்டும் ரகசியம்.

“அவிய தூங்குதாவ.”