ஓடையில் கிடைத்த கல்

கொலம்பஸ்
14 செப்டம்பர் 1997

அன்புள்ள வெர்னன் அண்ணாவுக்கு,

நலம். நீ அனுப்பிய ஆப்பிள் ஜாம் தீர்ந்துவிட்டது. குப்பியைக் கழுவி வைத்திருக்கிறேன்.

வியாழக்கிழமை உன் நிகழ்ச்சியை நூலகத்து ஓய்வறையில் எல்லோருமாகப் பார்த்தோம். அப்பாவின் டை உனக்குக் குட்டை என்று எத்தனை தடவை சொல்வது? மூன்று வருடம் முன்பு, ஓடையில் உனக்குக் கிடைத்த அந்த எழுத்துக் கல்லைக் காட்டி, மூவாயிரம் வருடத்துக்கு முன்பே பினீசிய மாலுமிகள் கடல் தாண்டி ஒஹாயோ நதி வழியாக இங்கே வந்திருக்கலாம் என்றாய். இப்போது வந்தார்கள் என்கிறாய். என்னோடு வேலை செய்யும் ரூத் திரும்பி, "உங்க அண்ணன் இதை நெஜமாவே நம்புறாரா, இல்ல டிவிக்காகச் சொல்றாரா?" என்று கேட்டாள். நான் காபியைக் கலக்கிக்கொண்டே இருந்தேன். என்ன சொல்லட்டும், அண்ணா?

உன் நடீன்

*

ஜாக்சன்
21 செப்டம்பர்

அன்புத் தங்கை நடீனுக்கு,

டை இனிமேல் வளராது. என் வயிறுதான் வளர்கிறது.

படப்பிடிப்பில் வேலை நடக்கும் விதம் உனக்குத் தெரியாது. கேட்பவன் குரலை வெட்டிவிடுவார்கள். அதனால் அவன் கேள்வியையும் சேர்த்து நான்தான் பதிலாகச் சொல்ல வேண்டும். பினீசியர்கள் வந்தார்களா என்று கேட்பான்; பினீசியர்கள் வந்தார்கள் என்று ஆரம்பிக்க வேண்டும். நடுவில் ஒரு 'ஒருவேளை'யைச் செருகினால், "நாய்க்குட்டியைத் தொலைச்சவர் மாதிரி பேசாதீங்க சார், இன்னொரு தடவை" என்பான். ஏழாவது தடவையில் குரல் தானாக உறுதியாகிவிடும்.

நல்ல செய்தி. முழுத் தொடரே தருகிறார்கள். அக்டோபர் கடைசியில் பள்ளிக்கூட வேலையை விடுகிறேன். பதினெட்டாம் தேதி நம் ஓடைக்கரையில் படப்பிடிப்பு. கல் கிடைத்த அன்று கூட இருந்த தங்கையும் பேச வேண்டுமாம். என்னைவிட நீதானே அதிகம் குதித்தாய்? மறுக்காதே.

அண்ணன் வெர்னன்

*

கொலம்பஸ்
28 செப்டம்பர்

அண்ணா,

என்னால் வர முடியாது. அந்தக் கல்லில் எழுதியது நான்.

அம்மாவைப் புதைத்த கோடை. உனக்குப் பதினாறு, எனக்கு ஒன்பது. பழைய பூர்வகுடி அம்புமுனை தேடுகிறேன் என்று தினமும் மண்வெட்டியோடு ஓடைக்குப் போவாய். வெறுங்கையோடு வந்து தட்டைத் தள்ளிவிடுவாய். நீயும் போய்விடுவாய் என்று பயந்தேன். உனக்கு ஏதாவது கிடைத்தால் போதும் என்றிருந்தது. கலைக்களஞ்சியத்தில் இருந்த பினீசிய எழுத்துகளைப் பார்த்துக் கூரை ஆணியால் கீறினேன். பழசாகத் தெரிய, பச்சை வால்நட் தோலை நசுக்கித் தேய்த்தேன். ஈர மண்ணில் புதைத்துவிட்டு, நீ தோண்டுவதைப் பார்த்துக்கொண்டு கரையில் உட்கார்ந்திருந்தேன்.

அன்று சாயங்காலம் நீ இரண்டு தட்டு சாப்பிட்டாய். அதன் பிறகு எப்படிச் சொல்வேன்?

வேலையை விடாதே. திட்டியாவது எழுது.

நடீன்

*

ஜாக்சன்
5 அக்டோபர்

நடீன்,

எனக்குத் தெரியும். அன்றே தெரியும்.

அந்த வெக்கையில் முழுக்கைச் சட்டை போட்டு, விரல்களை உள்ளே இழுத்துக்கொண்டு சோளம் தின்றாய். வால்நட் கறை மூன்று வாரத்துக்குப் போகாது என்று இந்த ஊரில் எந்தப் பிள்ளைக்குத் தெரியாது? நீ என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாய். அதனால்தான் இரண்டாவது தட்டு கேட்டேன்.

ரூத்துக்குப் பதில் சொல்கிறேன். முதலில் உனக்காக நம்பினேன். பிறகு, நீ வாய் திறக்காத ஒவ்வொரு வருடமும், வேறு எதற்கோ வால்நட் உரித்திருப்பாய் என்று தோன்ற ஆரம்பித்தது. விளக்குகளுக்கு முன்னால் சத்தியமாக நம்புகிறேன். காரில் வீட்டுக்கு வரும்போது நம்புவதில்லை. நீ சொல்லாமல் இருந்ததால் பதினெட்டு வருடம் இப்படி ஓடிவிட்டது. இப்போது உண்மை உன் கையெழுத்திலேயே வந்துவிட்டது. கடிதத்தை அடுப்பில் போட்டேன். போட்ட பிறகும் இருக்கிறது.

நீ வர வேண்டாம். எழுதவும் வேண்டாம்.

வெர்னன்

*

கொலம்பஸ்
7 டிசம்பர்

அன்புள்ள அண்ணாவுக்கு,

என் இரண்டு கடிதங்கள் பிரிக்காமலே திரும்பி வந்தன. இதுவும் வரும்.

வியாழக்கிழமை பார்த்தோம். ஓடை வற்றியிருக்கிறது. உனக்குப் புது டை வாங்கித் தந்திருக்கிறார்கள்; நீளம் சரியாக இருக்கிறது. கல் கிடைத்தபோது கூட யார் இருந்தார்கள் என்று கேட்டிருப்பார்கள். கேள்வியை வெட்டிவிட்டார்கள். "அன்னைக்கு என்கூட யாரும் இல்ல. நான் மட்டும்தான் இருந்தேன்" என்றாய். அதில் ஒரு 'ஒருவேளை'கூட இல்லை. பிறகு கரையைக் காட்டினார்கள். நான் உட்கார்ந்திருந்த மரவேர் அப்படியே இருந்தது.

ரூத் மறுபடியும் கேட்டாள். "நம்புறாரு" என்றேன்.

'யாரும் இல்ல' என்று சொல்ல உனக்கு எத்தனை தடவை ஆயிற்று, அண்ணா?

உன் நடீன்