கொஞ்ச நேரம் இருக்க முடியுமா

மார்ச் 4, திங்கள்
ஹோட்டல் சலவைக்கூடத்தில் என் வேலை மூன்று மணிக்கு முடிய வேண்டும். இரண்டே முக்காலுக்கு சூப்பர்வைசரம்மா வந்து நிற்பாள். "கேன் யூ ஸ்டே?" நான் "எஸ் எஸ்" என்று தலையாட்டுவேன். அப்புறம் ஐந்து மணி வரை விரிப்பு மடிப்பு. எட்டு மாதமாக இதே கதை. கை வலிக்கிறது, போதும்.

மார்ச் 5
நான் தங்கிவிட்டால் சின்னவனைக் குழந்தைகள் காப்பகத்திலிருந்து பெரியவள்தான் கூட்டிவர வேண்டும். அவள் அப்பா லாரியோடு போனால் வாரக்கடைசியில்தான் திரும்புவார். 21ஆம் தேதி அவளுக்குப் பள்ளி நீச்சல் அணித் தேர்வு. பயிற்சிக்கு இரண்டு தடவைதான் போயிருக்கிறாள்.
"எப்பம்மா மூணு மணிக்கு வருவே?"
"அவங்க விட்டாத்தானே."
முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

மார்ச் 8
எனக்காகச் சமையலறை அலமாரிக் கதவில் பெரியவள் எழுதி ஒட்டிய இங்கிலீஷைப் படித்தேன். 'ஹேங் ஆன்' என்றால் கொஞ்சம் பொறு. 'நெவர் மைண்ட்' என்றால் விட்டுத்தள்ளு. இந்த இத்தனூண்டு வாக்கியங்கள்தான் உயிரை எடுக்கின்றன. நீளமாகப் பேசினால் நடுவில் எதையாவது பிடித்துக்கொள்ளலாம். இவை நான் நிமிர்வதற்குள் போய்விடுகின்றன.

மார்ச் 12
விரிப்பின் மறுமுனையைப் பிடிப்பவளுக்கு நெட்டை என்று நான் வைத்த பெயர். அவள் பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவளுக்கு. இன்று அவளிடமும் அதே கேள்வி. "சாரி, நாட் டுடே" என்று பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். என்ன நெஞ்சழுத்தம். நாளைக்கு அவளுக்கு வேலை இருக்குமா?

மார்ச் 13
இருந்தது.

மார்ச் 14
நெட்டை கதையைப் பெரியவளிடம் சொன்னேன்.
"அது கேள்விம்மா. முடியுமான்னுதான் கேக்குறாங்க."
"அது எனக்கும் தெரியும்டி. மேல இருக்கிறவங்க கேட்டா வேற பதில் இருக்கா?"
"இருக்கு."
சொல்லிவிட்டுச் சின்னவனைக் குளிப்பாட்டப் போய்விட்டாள். சண்டை போட்டிருந்தால் தேவலை. நான் வளர்ந்த வீட்டில் பெரியவர்கள் 'முடியுமா' என்று கேட்கும்போதே எழுந்து நின்றாக வேண்டும்.

மார்ச் 19
பெரியவள் நீச்சல் உடையை மடித்துத் துணி அலமாரியின் அடித்தட்டில் வைத்துவிட்டாள். "வேற யாராவது போவாங்க, விடும்மா." எனக்குக் கோபம் வந்தது. யார் மேல்? என் மேல்தான்.

மார்ச் 20
"நாளைக்கு நீ போ. சின்னவன நான் பாத்துக்கிறேன்" என்றேன். "பாக்கலாம்மா" என்றாள்.
குளியலறையில் நெட்டையின் அந்த மூன்று வார்த்தைகளைச் சொல்லிப் பழகினேன். சின்னவன் கதவைத் தட்டி, "யார்கூடம்மா பேசுறே?" என்றான்.

மார்ச் 21, வியாழன்
இரண்டே முக்கால். "கேன் யூ ஸ்டே?"
"சாரி. நாட் டுடே."
மகள், நீச்சல், சின்னவன் என்று காரணமெல்லாம் வரிசையாக வைத்திருந்தேன். சூப்பர்வைசரம்மா கேட்கவே இல்லை. "நோ ப்ராப்ளம்" என்று அடுத்த மேசைக்குப் போய்விட்டாள். அவ்வளவுதானா? இதுக்கா எட்டு மாசம்?
காப்பகத்துக்கு ஓடினேன். வாசலில் பெரியவள் நிற்கிறாள், புத்தகப் பையோடு.
"போகலியாடி?"
"நீ வருவேன்னு நினைக்கலம்மா. டிரெஸ்ஸே எடுத்துட்டுப் போகல."
சின்னவனைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தோம்.

மார்ச் 22
"நாட் டுடே." "ஓகே." தேர்வு போனாலும் வியாழக்கிழமைப் பயிற்சிக்கு யார் வேண்டுமானாலும் வரலாமாம், பெரியவள் சொன்னாள்.

மார்ச் 28, வியாழன்
மூன்று மணிக்கே கிளம்பிவிட்டேன். காப்பக வாசலில் பெரியவள் இல்லை. சின்னவனோடு வீட்டுக்கு வந்து துணி அலமாரியைத் திறந்தேன். அடித்தட்டு காலி.