நானூறா, நானூற்று முப்பதா

நவம்பர் 12, செவ்வாய்

எடைமேடையில் இன்று நூற்றுப் பதினேழு லாரி. கோதுமை அறுவடை உச்சத்தில் இருக்கிறது. மொரவாவிலிருந்து வந்த ஒருவன் சீட்டைப் பார்த்துவிட்டு, "உன் மேடை பொய் சொல்லுது" என்று ஜன்னலைத் தட்டினான். லாரியை மேடையிலிருந்து இறக்கி, சுற்றிவந்து, மறுபடி ஏற்றினான். அதே எண். பத்தொன்பது வருஷமாக இந்த ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன். ஆள் கத்துகிறான் என்பதற்காக எண் மாறியதை நான் பார்த்ததில்லை.

மாலையில் தென்காற்று நன்றாக எழுந்தது. பாய்மரம் நட்டு நின்றபடி ஓட்டும் என் பாய்ப்பலகையை எடுத்துக்கொண்டு கடலுக்குப் போனேன். சின்னப் பாய்தான் கட்டினேன். இருந்தும் நாற்பது நிமிஷத்தில் ஆறு தடவை தூக்கி எறிந்தது. தோள்பட்டை கழன்றுவிடும் போல வலிக்கிறது.

நவம்பர் 17, ஞாயிறு

பாய்ப்பலகைச் சங்கத்தில் பிப்ரவரிப் பந்தயத்துக்குப் பட்டியல் ஒட்டியிருந்தார்கள். ஆற்றுமுகத்திலிருந்து கலங்கரை விளக்கம் வரை ஒன்பது கிலோமீட்டர், திறந்த கடல். என் பெயரைத் தேடினேன். இல்லை. பக்கத்தில் இன்னொரு தாள், 'குறும்பாதை'. விரிகுடாவுக்குள்ளேயே மூன்று சுற்று. அதில் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் நால்வர், அவர்களுக்குக் கீழே லினெட் கோட். நான். ஐம்பது வயது.

தலைவர் கார்த் மொல்லாய் அடுப்பில் சாஸேஜ் புரட்டிக்கொண்டிருந்தான்.

"யாரு போட்டது இதை?"

"நான்தான். ஏம்மா லின், போன வருஷம் உன்னைப் படகுல அள்ளிட்டு வந்தது மறந்துபோச்சா?"

மறக்கவில்லை. பாதி வழியில், கை விட்டுப்போய், தண்ணீரில் மிதந்த என்னை ஏற்றினார்கள். கரையில் இவன் ஒலிபெருக்கியில், "கோட் அம்மா மீன் பிடிச்சிட்டு வந்துட்டாங்க!" என்று அறிவித்தான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதுதான் இன்னும் எரிகிறது, நானும் சிரித்தது.

"ஐம்பத்தி நாலு கிலோ இருக்கே. காத்து உன்னைப் பட்டம் விட்டுடும். விரிகுடாக்குள்ள ஜாலியா சுத்து, போதும்."

நீல் பக்கத்திலேயே நின்று ரொட்டியில் வெங்காயம் வைத்துக்கொண்டிருந்தான். என் கணவன். காரில் ஏறியபிறகு, "அவன் நல்லதுக்குத்தான் சொல்றான்" என்றான்.

நவம்பர் 18, திங்கள்

யாருடைய நல்லதுக்கு?

நவம்பர் 24, ஞாயிறு

கரையில் வெளியூர்க்காரர் ஒருவரின் பாய் கிடந்தது. என்னுடையது போலவேதான் — அதே நிறம், அதே அளவு. ஆனால் அவருடையதில் உச்சிப் பக்கம் பின்னோரம் தளர்ந்து, காற்று தொட்டதும் இறகு மாதிரி விலகிக்கொடுத்தது. என்னுடையதைப் பார்த்தேன். உச்சி தகரம் போல விறைத்து நிற்கிறது. நடுவில் மட்டும் நீளமாகச் சுருக்கம். அடிக்கயிற்றை இன்னும் இழுத்தேன். சுருக்கம் கூடியது, உச்சி அசையவில்லை.

பிறகு பாயின் அடியில் அச்சடித்திருப்பதைப் படித்தேன். இத்தனை நாளில் முதல் முறையாக. 'முன்னோர நீளம் 408. மிகப் பொருத்தம்: 400 பாய்மரம். 430 ஏற்கலாம்.'

நான் போடுவது 430 சென்டிமீட்டர் மரம். நீலுடைய பழைய மரம். அவன் தொண்ணூற்றிரண்டு கிலோ இருந்தபோது, வேறு பாய்களுக்காக வாங்கியது. மூன்று வருஷம் முன்னால் எனக்குக் கொடுத்தான், நானும் வாங்கிக்கொண்டேன். நாள் முழுக்க எண் படிக்கிறவள், இந்த எண்ணைப் படிக்கவில்லை. கார்த்தைச் சொல்லி என்ன, என்னை எதால் அடிப்பது?

டிசம்பர் 1, ஞாயிறு

கார்த்திடம் கேட்டேன். நாலு பேர் கூடவே இருந்தார்கள்.

"நானூத்தி முப்பது மரம் எல்லாப் பாய்க்கும் போதும் லின். பாய் கம்பெனிக்காரன் மரமும் விக்கணும்ல, அதான் அப்படி எழுதி வைக்கிறான். உனக்குத் தேவை மரம் இல்ல, புஜம்." நீல் பக்கம் திரும்பி, "மச்சி, வீட்டுல இவளுக்கு இறைச்சி போடுறியா இல்லையா?"

நீல் சிரித்தான். "என் மரத்துல ஒரு குறையும் இல்லடி" என்றான் என்னிடம்.

குறை இருக்கிறது என்று நான் சொன்னேனா? பொருந்தவில்லை என்றேன். இரண்டும் ஒன்றா?

டிசம்பர் 7, சனி

அளந்துவிட்டேன்.

கார் நிறுத்தும் கூரைக்கடியில் பலகை அறுக்கும்போது தாங்கக் கொடுக்கும் இரண்டு மரக்குதிரைகளைப் போட்டு, பாய்மரத்தின் இரண்டு முனைகளையும் அதன்மேல் கிடத்தினேன். ஒரு மூட்டையில் மணல் நிரப்பி, வேலை இடத்துச் சின்னத் தராசில் எடை போட்டு, சரியாக முப்பது கிலோ ஆக்கிக் கொண்டுவந்திருந்தேன். அதை மரத்தின் நட்டநடுவில் தொங்கவிட்டேன். மேலே நூல் கட்டி, நூலிலிருந்து மரம் எவ்வளவு தாழ்கிறது என்று மூன்று இடத்தில் பார்த்தேன். அடியிலிருந்து கால் பங்கில், நடுவில், முக்கால் பங்கில்.

நடுவில் 19 சென்டிமீட்டர். அடிப்பக்கம் 12.4. உச்சிப்பக்கம் 13.5. நாலு தடவை அளந்தேன். அதே எண்.

நீளத்தை நடுத்தாழ்வால் வகுத்தால் விறைப்பு எண் வரும். இருபத்திரண்டரை. என் பாய்க்குக் கம்பெனி சொல்வது பத்தொன்பது. அதைவிட முக்கியம் உச்சி. உச்சிப்பக்கம் அடிப்பக்கத்தைவிட நன்றாகவே கூட வளைய வேண்டும், பாயை அந்த வளைவுக்குத்தான் வெட்டித் தைத்திருக்கிறார்கள். இந்த மரத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்று. உச்சி வளையாவிட்டால் பாயின் மேல்பகுதி திறக்காது. திறக்காவிட்டால் வேகக் காற்று வெளியே வழியாது. வழியாத காற்று என்ன செய்யும்? என் கையைப் பிடுங்கும்.

என் புஜம் இல்லை. என் வயசு இல்லை. ஒரு சென்டிமீட்டர் சொச்சம்.

டிசம்பர் 8, ஞாயிறு

எண்களைத் தாளில் எழுதி நீலுக்கு முன்னால் வைத்தேன். காலைச் சாப்பாட்டு மேஜையில்தான், வேறு எப்போது பேசுவது.

"இது என்ன, எனக்கும் எடைச் சீட்டா?"

"படிச்சுப் பாரு."

படிக்கவில்லை. தாளைக் கவிழ்த்து அதன்மேல் தேநீர்க் கோப்பையை வைத்தான். "அந்த மரத்துல நான் பதினஞ்சு வருஷம் ஓட்டினேன். இந்த ஊர்ல என்னைவிட வேகமா எவனும் இல்ல. நான் ஓட்டுறதை விட்டது முட்டியால. மரத்தால இல்ல."

அவன் ஏன் விட்டான் என்று நான் கேட்கவே இல்லை!

"உனக்குத் தோத்துப்போனா ஒரு சாக்கு வேணும்" என்றான் பிறகு. சொன்னானே. முப்பது கிலோ மூட்டைய ஒத்தையா தூக்கிக் கட்டினவ கிட்ட. எழுந்து வந்துட்டேன். பேசியிருந்தா கோப்பை பறந்திருக்கும்.

புது மரம் வாங்கத்தான் போறேன். எவன் தடுக்கிறான் பார்ப்போம்.

டிசம்பர் 21, சனி

டோங்கராவில் மார்லி என்று ஒரு பெண், நண்டுப்படகு வைத்திருக்கிறாள், இரண்டு பாய்மரம் விற்பதாக விளம்பரம் போட்டிருந்தாள். மரக்குதிரை, மூட்டை, நூல், அளவு நாடா எல்லாம் காரில் ஏற்றிப் போனேன். முற்றத்தில் இறக்கியதும் அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"அடியாத்தி! கம்பத்தைப் பார்க்க வந்தியா, பிரசவம் பார்க்க வந்தியா?"

"பத்து நிமிஷம் குடு."

"எடுத்துக்கோ. நான் பார்த்ததே இல்ல, பார்க்கிறேன்."

முதலாவது பளபளவென்று இருந்தது. முழுக்கக் கார்பன் இழை, பஞ்சு மாதிரி எடை. மனசு அப்போதே அதன் மேல் விழுந்துவிட்டது. நீளம் 400தான். மூட்டையைத் தொங்கவிட்டேன். அடி நன்றாகத் தாங்கியது, உச்சி மட்டும் மிதமிஞ்சி வளைந்தது. என் பாய்க்கு இதுவும் ஆகாது. எல்லாக் காற்றும் மேலே வழிந்துபோய், பலகை நகராமல் நிற்கும்.

இரண்டாவது உடம்பெல்லாம் கீறல், எழுத்து பாதி அழிந்தது, கார்பன் முக்கால் பங்குதான். மெல்லிய வகை, என் கைப்பிடிக்குள் அடங்குகிறது. நடுவில் 21. அடியில் 13.4. உச்சியில் 15.9. நானூறை இருபத்தொன்றால் வகுத்தால் பத்தொன்பது!

"அழகானதை விட்டுட்டு அசிங்கத்தை எடுக்கிறியே" என்றாள் மார்லி.

"அளவு இதுலதான் இருக்கு."

"உன் வீட்டுக்காரர் என்ன சொல்றார்?"

"அவனை இன்னும் அளக்கல."

அவள் சிரித்த சிரிப்பில் நாய் எழுந்து குரைத்தது.

டிசம்பர் 22, ஞாயிறு

முட்டாள். மரத்தின் அடிக்குள் செருகும் குழாய் பழைய தடித்த மரத்துக்கானது. மெல்லிய மரத்துக்குள் நுழையவே இல்லை. கையால் பிடித்து ஓட்டும் கம்பை மரத்தோடு இறுக்கும் கவ்வியும் லொடலொடவென்று ஆடுகிறது. இவ்வளவு அளந்தவள் ஓட்டையை அளக்கவில்லை. நீல் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தான். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

குழாயும் கவ்விக்கு ரப்பர்ப் பட்டையும் பெர்த்திலிருந்து வரச் சொல்லியிருக்கிறேன். குழாய் நீட்டிச் சுருக்கும் வகை. சின்னப் பாய்க்கு எட்டு சென்டிமீட்டர் நீட்டினால் போதும். என்னிடம் இருக்கும் பெரிய பாய்க்கு 432 வேண்டும், முப்பத்திரண்டு நீட்டினால் அதற்கும் இதே மரம். என்னைப்போல எடை குறைந்தவர்களுக்கு அப்படிப் போடுவதே இதம் என்கிறார்கள். பார்க்கலாம்.

ஜனவரி 4, சனி

கட்டினேன். சுருக்கம் இல்லை. ஒன்றுகூட இல்லை. உச்சி தளர்ந்து விலகியது.

கடலில் இரண்டு முறை விழுந்தேன். இரண்டும் என் தப்பு. காற்று திடீரென அடித்தபோது பழக்கத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன், பிடுங்கப் போகிறது என்று. பிடுங்கவில்லை. பாய் மேலே மூச்சு விட்டது, பலகை முன்னே பாய்ந்தது. ஒன்றரை மணி நேரம். தனியாகக் கடல் நடுவில் கெட்ட வார்த்தை சொல்லிக் கத்தினேன், யாரும் கேட்கவில்லை.

ஜனவரி 19, ஞாயிறு

குறும்பாதைத் தாளில் என் பெயரை அடித்தேன். பெரிய தாளில் எழுதினேன். பேனா அழுந்தித் தாள் கொஞ்சம் கிழிந்தது.

"என்ன வேலை இது?" கார்த்.

"தப்பான இடத்துல இருந்தது. மாத்தினேன்."

"உனக்குன்னு தனியா ஒரு படகு விடணும் நாங்க."

"விதிப்படி எல்லாருக்கும் சேர்த்து ரெண்டு மீட்புப் படகு உண்டு. எனக்குன்னு மூணாவது வேணாம்."

"புது மரமாமே? நீல் சொன்னான். மந்திரக் கோலா?"

"வந்து அளந்து பாரு. வெள்ளைத் தாள்ல எழுதித் தரேன்."

"எனக்கு வேற வேலை இருக்கு."

"அப்ப பேசாதே."

சுற்றி நின்றவர்கள் திடீரென்று சாஸேஜைப் பார்க்க ஆரம்பித்தார்கள். பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு காருக்கு வந்தேன்.

பிப்ரவரி 7, வெள்ளி

நாளை. நீல் சொன்னான், வரமாட்டானாம். தண்ணீர்க் குழாய் சரிசெய்ய வேண்டுமாம். செய்யட்டும்.

பிப்ரவரி 8, சனி

ஆற்றுமுகத்தில் நாற்பது டிகிரி வெயில், ஒரு மணிக்குக் காற்று திரும்பியது. முப்பத்து நாலு பேர். முக்கால்வாசிப் பேர் பெரிய பாய் கட்டினார்கள், கரையில் காற்று மிதமாக இருந்ததால். நான் கடலைப் பார்த்தேன், தூரத்தில் வெள்ளை நுரை தெரிந்தது. சின்னப் பாயைக் கட்டினேன். "சவாரி பாதியிலேயே நின்னுடும்" என்றான் ஒருவன். நிற்கட்டும்.

முதல் இரண்டு கிலோமீட்டர் கடைசியிலிருந்து மூன்றாவதாகப் போனேன். கார்த் சொன்னது சரியோ, பட்டியலில் பெயரை மாற்றியது வீம்போ என்றுகூடத் தோன்றியது. பிறகு காற்று ஏறியது. சும்மா ஏறவில்லை, அறைந்தது. முன்னால் பெரிய பாய்கள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. எண்பது, தொண்ணூறு கிலோ ஆட்கள் தண்ணீரில். நான் விலகி விலகிப் போனேன்.

போன வருஷம் என்னை அள்ளிய இடம் எனக்குத் தெரியும். கரையில் சுண்ணாம்புப் பாறை ஒன்று சரிந்து நிற்கும். அதைக் கடந்துபோகும்போது திரும்பிப் பார்க்கக்கூடாது என்றிருந்தேன். பார்த்தேன். அந்த ஒரு நொடியில் விழுந்தேன்! உப்புத் தண்ணீர் மூக்கு முழுக்க. மீட்புப் படகு கிட்டே வந்தது. "ஏறுறியா?" என்று கேட்டான் ஓட்டுபவன். "தள்ளிப் போ, காத்தை மறைக்கிறே!" என்று கத்தினேன். ஒரே தூக்கில் பாய் எழுந்தது.

கலங்கரை விளக்கத்தின் சிவப்பு வெள்ளைப் பட்டைகள் பெரிதாகிக்கொண்டே வந்தன. பதினாறாவது. பன்னிரண்டு பேர் முடிக்கவே இல்லை. கார்த் ஒன்பதாவதாக வந்திருக்கிறான், கையில் நீர்க்கொப்புளம் உடைந்து ரத்தம். ஒலிபெருக்கியில் என் பெயரை மற்றவர்கள் பெயர் மாதிரியே வாசித்தான். பெயர், இடம், அடுத்த பெயர். எனக்கு அதுதான் வேண்டியிருந்தது.

கூட்டத்துக்குப் பின்னால், வண்டி நிறுத்துமிடத்தில் நீல் நின்றிருந்தான். கிட்டே வரவில்லை. நானும் போகவில்லை. வீட்டுக்கு வந்தால் குழாய் இன்னும் சொட்டுகிறது.

பிப்ரவரி 16, ஞாயிறு

மளிகை வாங்கிக்கொண்டு திரும்பும்போது கார் உள்ளே போகவில்லை. கூரைக்கடியில் மரக்குதிரைகள். அவனுடைய மரம் கிடக்கிறது, நடுவில் மூட்டை. நீல் மண்டியிட்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, நாடாவைப் படித்துக்கொண்டிருந்தான். மின்சாரக் கட்டணத் தாளின் பின்பக்கம் எண்கள். பத்தொன்பது. பன்னிரண்டு புள்ளி நாலு. பதிமூணு புள்ளி அஞ்சு. பக்கத்தில், ஏழு வருஷம் முன்னால் அவன் புதிதாக வாங்கிய பாய்கள் மூன்றும் பையை விட்டு வெளியே விரித்துக் கிடந்தன. அடியில் அச்சடித்த இடங்களை எழுத்துத் தெரியும்படி ஒவ்வொன்றாகத் துடைத்திருந்தான். மூன்றிலும் எழுதியிருந்தது இந்த மரம் இல்லை.

அவற்றை வாங்கிய அடுத்த வருஷம்தான் கடலை விட்டான்.

நான் பைகளைக் கீழே வைக்காமல் நின்றேன். அவன் நிமிரவில்லை.

"முட்டி இல்ல, லின்" என்றான்.

என்னென்னவோ சொல்ல வாயில் வந்தது. டிசம்பரிலிருந்து சேர்த்துவைத்தது எல்லாம். அவன் முகத்தைப் பார்த்தேன். பாலைக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தேன்.

சற்று நேரம் கழித்துச் சமையலறைக் கதவில் வந்து நின்றான். "கார்த்கிட்ட சொல்லிடாதே."

சரி என்றேன். இந்த வாரம் சொல்ல மாட்டேன்.