நீ கட்டிய சிவப்பு டேக்

நேற்று மத்தியானம் மழை பிடித்துக்கொண்ட நேரத்தில் பரணிலிருந்து அந்தப் பழைய ரெக்சின் பையை இறக்கினேன். பூஞ்சை வாடை குப்பென்று அடித்தது. செம்புக் கம்பியை முறுக்கி நீ கட்டிய சிவப்பு டேக் கைப்பிடியில் அப்படியே இருக்கிறது, நிறம் மட்டும் செங்கல் மாதிரி ஆகிவிட்டது. குடகில் ஒரு விடுதியில் எங்கள் மூவருக்கும் அறை பிடித்திருக்கிறாள் மகள். மழை பார்க்கப் போகிறோமாம். கத்தரிக்கோலோடு வந்தவளை அவள் அம்மா தடுத்துவிட்டாள். “அத வெட்டாத. கட்டுனவருதான் வெட்டணும்,” என்றாள். நீ இறந்துபோனது அவளுக்குத் தெரியாதா என்ன? அடக்கத்துக்குக் கிருஷ்ணகிரிக்கு என்னோடு வந்தவள்தானே.

மகளுக்கு நான்தான் விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. ஓசூர் தொழிற்பேட்டையில், பம்பு செய்யும் கம்பெனியில், நீயும் நானும் இன்ஸ்பெக்‌ஷன். அளவில் பிசகு இருந்தால் சிவப்பு டேக். பிசகு இருக்குமோ என்று தோன்றினாலும் சிவப்பு டேக். கட்டியவன் மறுபடி பார்த்துத் தன் கையால் வெட்டினால்தான் அந்த உருப்படி அங்கிருந்து நகரும், மேனேஜரே வந்தாலும் தொடக்கூடாது. சந்தேகப்படுவதற்கென்றே சம்பளம் வாங்கிய ஆட்கள் நாம். ஷிப்ட் முடிந்து கேட்டுக்கு வெளியே வந்தும் அந்தப் புத்தி இறங்காது.

ஆடி மாதம் மெஷின் பராமரிப்புக்காகக் கம்பெனியை ஒரு வாரம் மூடுவார்கள். அந்த மழை வாரத்துக்கு எந்த ஊர் போவதென்று எதிர் டீக்கடையில் பேச்சு நடக்கும். யார் எந்த ஊர்ப் பெயரைச் சொன்னாலும் நீ டேக் கட்டிவிடுவாய். ஒகேனக்கல்லா, தண்ணீர் வந்தால் பரிசல் விடமாட்டான், வராவிட்டால் பாறையைப் பார்த்துவிட்டு வர வேண்டும். ஏற்காடா, மூடுபனியைப் பார்க்க அவ்வளவு தூரம் எதற்கு, வீட்டிலேயே கண்ணை மூடிக்கொள்ளலாம். டீக்கடைக் காலண்டரில் இருந்த அருவியைக்கூட நீ விடவில்லை. “இது வெயில் நாள்ல எடுத்த படம்பா. மழையில எவன் கேமராவ வெளிய எடுப்பான்?” என்றாய். அந்த வருடம் எங்கும் போகாமல் வீட்டில் பஜ்ஜி தின்றோம்.

என் மனைவிக்கு மட்டும் ஒரே ஊர்தான், குடகில் காவிரி பிறக்கும் இடம். தலைக்காவேரி. திருவாரூர்ப் பக்கத்துப் பெண், அவள் அப்பாவுக்கு ஆற்றை நம்பித்தான் வயல். ஆனி போய் ஆடி வந்தும் வாய்க்காலில் தண்ணீர் வராத வருடங்கள் அவை. மேலே கர்நாடகத்தில் இருப்பவர்கள் தண்ணீரை வைத்துக்கொண்டே இல்லை என்கிறார்கள் என்று அவள் அப்பா சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சொன்னதை இவள் நம்பினாளா, இல்லையா, எனக்கே பிடிபடவில்லை. “சாமி கும்புட இல்லண்ணே. அங்க நெசமாவே தண்ணி இல்லையான்னு எங் கண்ணால பாக்கணும்,” என்று உன்னிடம் சொன்னாள். நீ அதற்கும் டேக் கட்டினாய்.

காவிரித் தகராறு நடந்து சற்று அடங்கியிருந்த சமயம் அது. கிருஷ்ணகிரியிலிருந்து வரும் வழியில் சூளகிரியில் இறங்கி, மைசூர்ப் பக்கத்து லாரி டிரைவர்களிடம் “மளெ பந்தா?” என்று கேட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் வேலைக்கு வருவாய். மழை வந்ததா என்று கன்னடத்தில் விசாரணை. எதற்கு என்றால், மழை பெய்த ஊரில் நம் வண்டியை எவனும் திரும்பிப் பார்க்கமாட்டான், பெய்யாவிட்டால் முதலில் நம்பர் பிளேட்டைத்தான் பார்ப்பான் என்றாய். நான் நம்பவில்லை. எங்களோடு வர உனக்கு இஷ்டமில்லை, மழையைச் சாக்குச் சொல்கிறாய் என்றே நினைத்தேன். உன் முகத்துக்கு நேரேயும் அதைச் சொன்னேன். நீ இல்லாமலே கம்பெனி ஆட்கள் மூன்று குடும்பமாக வேன் பிடித்துவிட்டோம்.

புறப்படும் காலையில் வந்து நின்றாய். உன் வீட்டம்மாவும் பிள்ளைகளும் வரவில்லை. எங்கள் பையில் டேக்கை முறுக்கிக் கட்டினாய். “நான் பாஸ் பண்ணல. ஆனா கூட வரேன்,” என்று டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டாய். பெண்டாட்டி பிள்ளைகளை விட்டுவிட்டு இவன் மட்டும் ஏன் வருகிறான் என்று அதையும் சந்தேகப்பட்டேன்.

மைசூர் தாண்டியும் வானம் வெளுத்தே கிடந்தது. டீ குடிக்க நிறுத்திய இடத்தில் நாலு பேர் வேனைச் சுற்றி வந்தார்கள். ஒருவர் குனிந்து நம்பரைப் படித்தார். இன்னொருவர் டயரை உதைத்துப் பார்த்தார். வாயைத் திறக்காதீர்கள் என்று எங்களிடம் சொல்லிவிட்டு நீ இறங்கினாய். கன்னடத்தில் நீளமாகப் பேசினாய், நடுவில் சிரித்தாய். வேனைக் காட்டினாய், பிறகு என் மனைவியைக் காட்டினாய். எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. நம்மை விட்டுக்கொடுக்கிறானோ என்று உன் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவளோ கதவைத் திறந்து இறங்கியேவிட்டாள்.

“என்னண்ணே சொல்றாங்க?”

“மழையில்லையாம்மா. ஏரி காஞ்சு கெடக்குதாம்.”

“நெசமாவா?”

நீ அதை அப்படியே அந்த நாலு பேரில் பெரியவரிடம் கேட்டாய். அவர் கோபப்படவில்லை. வா என்று கையைக் காட்டிவிட்டு டீக்கடைக்குப் பின்னால் நடந்தார். அங்கே அவருடைய நாற்றங்கால் வெடித்துக் கிடந்தது, நாற்று நுனி வரை மஞ்சள். அவள் உட்கார்ந்து ஒரு நாற்றைப் பிடுங்கி வேரை நகத்தால் கீறிப் பார்த்தாள். அவள் அப்பா அப்படித்தான் பார்ப்பார். அந்தப் பெரியவரும் பக்கத்தில் குத்துக்காலிட்டு ஒன்றைப் பிடுங்கிக் கீறினார். அந்த இடத்தில் உன் கன்னடம் தேவைப்படவில்லை. எழுந்தவள் புடவையைத் தட்டிக்கொண்டு, “திரும்பிடலாம்,” என்றாள். டயரை உதைத்தவர் டீக்குக் காசு வாங்கவில்லை. கடை அவருடையதாம்.

வழியில் உன்னிடம் கேட்டேன், அவளைக் காட்டி என்ன சொன்னாய் என்று. “இவங்க அப்பாவும் மழைக்காகத்தான் காத்துக் கெடக்கறாருன்னேன். ஏன், என்னையும் செக் பண்றியா?” என்று சிரித்தாய். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

ஆடி முடிவதற்குள் ஒரு மாலை தொப்பலாக நனைந்து எங்கள் வாசலில் நின்றாய். ஓசூர் மழையில் நனைந்துகொண்டே குடகு மழையைச் சொல்ல வந்திருந்தாய். “தங்கச்சி, அங்க கொட்டுதாம். அப்பாவுக்குச் சொல்லிடு.” அவள் அழுதுவிட்டாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் நீ வந்து சொல்வதே அவளுக்குப் போதுமானதாக இருந்தது. தலைக்காவேரி பேச்சு வந்தால், போகும் அன்றைக்கு வந்து டேக்கை வெட்டுகிறேன் என்பாய். மகள் பிறந்தாள், ஷிப்டுகள் மாறின, போகவே இல்லை. இப்போது அந்த வாசலைப் பார்க்கும்போது எனக்குப் பொறுக்கவில்லை.

மகள் போனில் காட்டிய விடுதிப் படத்தில் வெயில் பளீரென்று அடிக்கிறது. நான் நம்பவில்லை. இன்று காலை சூளகிரிக்குப் பஸ் ஏறி, மைசூரிலிருந்து வந்து நின்ற ஒரு லாரிக்காரனிடம், எனக்குத் தெரிந்த ஒரே கன்னடத்தில் கேட்டேன். கொட்டுகிறதாம், பத்து நாளாக. வீட்டுக்கு வந்து அவளிடம் சொன்னேன். அவள் பையைத் துடைத்துத் துணிகளை அடுக்கினாள். அவள் அப்பாவும் இல்லை, இந்தச் செய்தியைச் சொல்ல இனி ஆளில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் புறப்படுகிறோம். விடுதியிலிருந்து தலைக்காவேரிக்கும் போகிறோம். டேக் பையில்தான் இருக்கிறது. வந்து வெட்டிவிட்டுப் போ.