துரைக்கண்ணுவைத் தூக்கிய கதை

8-11-82, திங்கள்
இன்றும் ஷாக் அடித்தது. கையால் தொட்டால்தானே அடிக்கிறது என்று ஊதாங்குழலால் சுவிட்சைத் தட்டினேன். ஊதாங்குழல் இரும்பு. பால்வாடியில் பிள்ளைகளுக்குப் புத்தி சொல்லிச் சம்பளம் வாங்குகிறவள் நான்!

கரண்டு பல்பை விட்டுவிட்டு சுவிட்சுக்குக் குடிவந்துவிட்டது. வெள்ளிக்கிழமை என் மகள் பூங்கோதையைப் பெண் பார்க்க வருகிறார்கள். மலைக்கு அந்தப் பக்கத்து இடம். அவர்கள் ஊருக்கு இன்னும் கரண்டு வரவில்லை. "கரண்டு இருக்கிற வூடு" என்றுதான் தரகர் பேச்சையே ஆரம்பித்தாராம்.

9-11-82
மலை இறங்கி ஒடுகத்தூர் போனேன். "ஒத்தை சுவிட்சுக்கு மலை ஏறணுமா?" என்று எலக்ட்ரிக் கடைக்காரர் கேட்ட கூலிக்குக் கல்யாணத்தையே முடித்துவிடலாம். கடைசியில் சிக்கியவன் துரைக்கண்ணு. திருவிழாவுக்கு மைக்செட் கட்டுகிறவன். "ஒரு வேளை சோறு, ஒரு உருண்டை புளி குடுங்க டீச்சர், போதும்" என்றான். இவ்வளவு மலிவாக ஒருத்தன் கிடைத்தால் சந்தேகப்பட வேண்டாமா? எனக்குத் தோன்றவில்லை.

10-11-82
வரவில்லை.

11-11-82
வரவில்லை. பூங்கோதை மாப்பிள்ளை போட்டோவைத் தலையணை உறைக்குள் வைத்திருக்கிறாள். எனக்குத் தெரியாதாம்.

12-11-82, வெள்ளி
சிரிப்பதா, அழுவதா?

மத்தியானம் துரைக்கண்ணு வந்தான். மழையில் தரையெல்லாம் ஈரம். "ரப்பர் செருப்பு இல்லாம கரண்டத் தொட மாட்டேன்" என்றான். "சாமி இருக்கிற வூட்டுக்குள்ள செருப்பா?" என்று என் நாத்தனார் மங்கம்மாள் வாசலை மறித்து உட்கார்ந்துவிட்டாள். நான்தான் (வேறு யாருக்கு இந்த மூளை வரும்?) கால் ஈரத்தில் படாமல் இருக்க அவனைக் கயிற்றுக் கட்டிலில் ஏற்றினேன். என் வீட்டுக்காரரும் பக்கத்து வீட்டு சடையனும் அவன் தம்பிகளும் ஆளுக்கொரு கட்டில் காலைப் பிடித்து, சுவிட்சுக்கும் பல்புக்குமாகத் தூக்கி நடந்தார்கள். துரைக்கண்ணுவுக்குச் சுகம் கண்டுவிட்டது. "அப்படியே வெளிச் சுவத்துல மீட்டரையும் பாத்துடலாம், தூக்குங்க" என்றான். நிலைப்படி குட்டை; படுத்துக்கொண்டான். குளிருதாம், என் போர்வையையும் போர்த்திக்கொண்டான்.

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை வீட்டார்!

இந்த மலையில் நோயாளியைக் கட்டிலில் வைத்துத்தான் பஸ் ரோட்டுக்குத் தூக்கிப் போகிறோம். எதிரே வருகிறவர் கேள்வி கேட்காமல் தோள் கொடுக்க வேண்டும். மாப்பிள்ளை தங்கவேல் புது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதல் ஆளாகப் பாய்ந்தார். சம்பந்தியும் கை வைத்ததும் என் வீட்டுக்காரர் மரியாதைக்கு ஒதுங்கிக்கொண்டார்!

"எறக்குங்கய்யா! நான் எலட்ரீசன்யா!"

"ஐயோ, ஜொரத்துல இன்னாமோ ஒளர்றாரே, ஓடுங்கடா!" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா ரத்தினம்மாள்.

ஓடினார்கள். பின்னால் நான், சிரிப்பில் வார்த்தை வராமல். பஸ் ரோட்டில்தான் பிடிக்க முடிந்தது. கட்டிலை இறக்கிய வேகத்தில் துரைக்கண்ணு அங்கே நின்றிருந்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டான்.

அரிக்கேன் விளக்கில் பெண் பார்த்தார்கள். ரத்தினம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சுவரையே பார்த்தாள். "போய்ட்டு சொல்லி அனுப்பறோம்" என்றாள். அப்படியென்றால்?

15-11-82
தகவல் இல்லை. பூங்கோதை முகம் கொடுத்துப் பேசவில்லை. ரொம்பக் கேட்டதும், "யார் எவர்னு தெரியாத ஆளுக்கு ஓடி வந்து தோள் குடுத்தாரும்மா. அப்படி ஒருத்தர எங்க போய்த் தேடுவ?" என்றாள். எல்லாம் என் மூளை பண்ணின வேலை.

28-11-82
சம்மதம் என்று போன வாரம் சொல்லி அனுப்பிவிட்டார்கள்; ரத்தினம்மாள் அன்று முந்தானைக்குள் அடக்கியது சிரிப்பாம்! கல்யாணப் பந்தலுக்கு சீரியல் விளக்குப் போட துரைக்கண்ணுவையே கேட்டேன். யோசித்துவிட்டுச் சொன்னான்: "வர்றேன் டீச்சர். ஆனா மாப்ள வூட்டுக்காரங்க வர்றதுக்கு முன்ன நான் மலைய வுட்டு எறங்கிடணும்."