கடைசி சீட்டும் மூன்று வருசப் பிறப்பும்

மார்ச் 19, வியாழன்

சொன்னால் சிரிப்பார்கள். ஐம்பது தாண்டிய ஆம்பளை, கம்பத்திலிருந்து ஏலத்தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு மலையேறும் ஜீப் டிரைவர் நான். வண்டியில் பின்சீட்டைக் காட்டும் உள்கண்ணாடியைப் பார்க்கப் பயந்து, கழற்றி, சாக்கில் சுற்றி, சீட்டுக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறேன். குரங்கு பிடுங்கிப் போய்விட்டது என்று சொன்னேன். நம்பிவிட்டார்கள். மலைக் குரங்குக்கு அந்தப் பேர் உண்டு.

இன்று யுகாதி. பக்கத்து வீட்டுச் சங்கிலியம்மாள் தெலுங்குக்காரி. வேப்பம்பூவும் வெல்லமும் கலந்த பச்சடி கொண்டுவந்தாள்.

"கசப்பும் இனிப்பும் சேந்ததுதாண்ணே வருசம்."

"வெல்லத்த மட்டும் பொறுக்கித் தின்னா அரை வருசமா?"

சிரித்துக்கொண்டே போனாள். கிண்ணத்தைப் பார்த்தேன். பழக்கத்தில், இல்லாமல் போன என் முனீஸ்வரி பங்கையும் சேர்த்தே ஊற்றியிருக்கிறாள்.

மார்ச் 27

எழுதினாலாவது இறங்குமா பார்ப்போம்.

என் பெண்டாட்டி முனீஸ்வரி போன ஆடியில் காய்ச்சலில் போனாள். அவளும் இந்த ஜீப்பில்தான் ஏலக்காய் எடுக்க வருவாள். "டிரைவர் பொண்டாட்டி முன்னால ஒக்காந்தா மத்தவளுக வயிறு எரியும்" என்று கடைசி சீட்டில், இடது ஓரம்.

கார்த்திகையில் ஒரு பனிக்காலை. கொண்டை ஊசி வளைவில் கண்ணாடியைப் பார்த்தேன். அதே ஓரம். தலையில் துண்டு. கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். தூங்கவில்லை, தூங்கினால் தலை சாயும். யாரோ திறக்கச் சொல்வதற்காக மூடியிருப்பது மாதிரி. திரும்பிப் பார்த்தால் ஆளில்லை. கண்ணாடியில் இருக்கிறாள். மறுநாளும்.

ஏன்டி மூடியிருக்க? என்னயப் பாக்கப் பிடிக்கலையா?

ஏப்ரல் 7

இன்று ஒரு உயிர் போயிருக்கும். பஞ்சம்மாள் பின்படியில் ஒரு காலைத்தான் வைத்திருந்தாள். கண்ணாடி இல்லை, தெரியவில்லை, வண்டியை எடுத்துவிட்டேன். கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே வந்திருக்கிறாள். முழங்கால் சிராய்த்துப்போனது.

"ஏண்ணே, என்னையும் மேல அனுப்பப் பாக்குறியா? அங்கன முனீஸ்வரி பேச்சுத்துணைக்கு ஆள் கேட்டாளா?"

எல்லாரும் சிரித்தார்கள். இறங்கும்போது தனியாக வந்து சொன்னாள்: "குரங்கு கதையெல்லாம் வேணாம்ணே. மலையாளத்து விசு கழிஞ்சு தோட்டம் தெறக்கயில கண்ணாடி இருக்கணும். இல்லாட்டி நாங்க வேற வண்டி பாத்துக்கிறோம்."



ஏப்ரல் 9

கண்ணாடியை எடுத்தேன். சாக்கைப் பிரிக்கவில்லை. திரும்ப வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 14, செவ்வாய்

சித்திரை ஒன்று. மலைக்கு இந்தப் பக்கம் இன்றைக்கே வருசம் பிறந்துவிட்டது. அந்தப் பக்கம் கேரளாவில் நாளைக்குத்தான் விசு. பஞ்சம்மாள் மாங்காய்ப் பச்சடி கொடுத்துவிட்டாள். கண்ணாடியைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

முனீஸ்வரி யுகாதி, சித்திரை, விசு மூன்றையும் கொண்டாடுவாள். "மூணு தடவ வருசம் பொறந்தா மூணு வயசு கூடுமேடி" என்பேன். "கூடட்டும். கெழவனுக்குக் கெழவி வேணாமா?" என்பாள். கிழவியாகாமலே போய்விட்டாள்.

விசுக் கணி வைக்கத் தோட்டத்துச் சேச்சியிடம் கற்றுக்கொண்டாள். முதல் நாளே உருளி என்கிற வெண்கலச் சட்டியில் அரிசி, மஞ்சள் வெள்ளரிக்காய், கொன்றைப்பூ, நடுவில் கண்ணாடி. விடியலில் பின்னாலிருந்து எங்கள் கண்ணைப் பொத்தி நடத்திக்கொண்டு போவாள். கையெல்லாம் ஏலக்காய் வாசம். உருளி முன்னால் நிறுத்தி, "இப்பத் தெற" என்பாள். முதலில் நல்லதைப் பார்த்தால் வருசமே நல்லதாம்.

மகள் பாண்டீஸ்வரி சாப்பிடும்போது கேட்டாள்: "எங்க கண்ணயெல்லாம் அம்மா பொத்துச்சு. அம்மா கண்ண யாருப்பா பொத்துனா?"

யாரும் இல்லை. வைக்கிறவளுக்கு யார் வைப்பது? அவள்பாட்டுக்கு எழுந்து, தானே பார்த்துக்கொள்வாள்.

அதுக்குத்தானா? அதுக்குத்தான் மூடிக்கிட்டு ஒக்காந்திருக்கியா? வாயத் தெறந்து சொன்னா என்னடி?

ஏப்ரல் 15, புதன்

நானே கணி வைத்தேன். வெள்ளரிக்காய் மஞ்சளாகக் கிடைக்கவில்லை, பச்சைதான். சாக்கைப் பிரித்து, ஜீப் கண்ணாடியை முகம் பார்க்காமல் துடைத்து உருளியில் சாய்த்தேன்.

விடியலில் ஜீப்பின் பின்படிக்குப் போனேன். இடது ஓரத்துக்கு நேராக நின்று, அவள் உயரத்துக்கு இரண்டு கையையும் பொத்தினாற்போல் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். தெருவில் யாராவது பார்த்திருந்தால் எனக்கு வேப்பிலை அடித்திருப்பார்கள். வாசல்படியில், "காலத் தூக்கி வை" என்றேன்.

பாண்டீஸ்வரி நடையில் நின்றிருந்தாள். சுவரோடு ஒட்டி ஒதுங்கினாள். ஒரு ஆள் போகிற வழி இல்லை, இரண்டு ஆள் போகிற வழி விட்டாள்.

உருளி முன்னால் கையை எடுத்தேன். "இப்பத் தெறடி."

விளக்கு அசைந்தது. கண்ணாடியில் சவரம் செய்யாத என் முகம். அதற்குப் பின்னால் சுவர். ஏலக்காய் வாசம் வந்தது. என் கையிலிருந்துதான் வந்தது என்று வைத்துக்கொள்கிறேன்.

ஏப்ரல் 16, வியாழன்

கண்ணாடியை மாட்டினேன். பெண்கள் ஏறினார்கள். இடது ஓரத்தில் பஞ்சம்மாளின் தூக்குச்சட்டி மட்டும் இருந்தது. அடிவாரம் வரும்போது திரும்பவும் பார்த்தேன். தூக்குச்சட்டிதான். இன்னொரு முறை நன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தபோது முன்னால் நின்ற வாழைத்தார் வண்டியில் முட்டிவிட்டேன். ஒரு தார் நசுங்கியது. பூவன்.